நகாஹாமா வீட்டு வெள்ளை வட்டம்

கடோவாகி ரித்சுகோ பல்கலைக்கழக மருத்துவமனையில் விரிவுரையாளராகச் சேர்ந்தார், விரிவுரையாளராகவே வெளியேறினார். இந்தப் பிப்ரவரியில் யோனாகோவில் இறந்தார். வயது எழுபத்தாறு. உள்ளூர்ச் செய்தித்தாளில் நான்கு வரி வந்தது. சிறுநீரக மருத்துவர், தீவு மருத்துவமனையில் நீண்டகாலம் பணிபுரிந்தவர் என்று இருந்தது. ஆராய்ச்சி என்ற சொல் இல்லை. அவருடைய ஆய்வகத்தில் பதினான்கு ஆண்டுகள் இரத்தமும் சிறுநீரும் சோதித்தவன் நான். அந்தச் சொல் எப்படி விடுபட்டது என்பதை அறிந்தவர்களில் இப்போது நானும் இன்னும் இரண்டு பேரும்தான் மிச்சம். அதனால் எழுதுகிறேன்.

இறுதிச் சடங்குக்கு முப்பது பேர் இருந்திருப்போம். எனக்கு அழுகை வரவில்லை. ஊதுவத்தி ஏற்றினேன், கும்பிட்டேன், அடுத்தவருக்கு இடம் விட்டேன். திரும்பி வரும்போது கடையில் நின்று பால் வாங்கினேன். வீட்டில் ஏற்கெனவே இரண்டு பால் அட்டைப்பெட்டி இருந்தது.

டாக்டரின் கதை பள்ளிப் பிள்ளைகளின் சிறுநீரில் தொடங்குகிறது. எங்கள் நாட்டில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆண்டுதோறும் வசந்தத்தில் அந்தச் சோதனை உண்டு. முதல்நாள் பள்ளியில் ஒரு சின்ன பிளாஸ்டிக் சீசாவும் உறையும் கொடுத்தனுப்புவார்கள். காலையில் எழுந்தவுடன் பிடித்து, உறையில் பெயர் எழுதி, வகுப்பில் இருக்கும் பெட்டியில் போட வேண்டும். மறந்து வரும் பையன் அன்று முழுக்கக் கேலிக்கு ஆளாவான். சோதனையில் இரத்தமோ புரதமோ தெரிந்தால் மறுபடியும் சோதனை. அதிலும் தெரிந்தால் மருத்துவர் குழு ஒன்று கூடி, அந்தப் பிள்ளைக்கு ஓர் அட்டை தரும். எதுவரை ஓடலாம், எதுவரை ஆடலாம் என்பது அதில் முத்திரையாக இருக்கும்.

1975இல் சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கான அந்தக் குழுவில் கடோவாகி டாக்டர்தான் வயதில் சிறியவர். அதனால் முத்திரை குத்துவது அவர் வேலை. அந்த ஆண்டு, படகில் இரண்டரை மணி நேரம் போக வேண்டிய தீவு ஒன்றிலிருந்து மசாட்டோ என்ற எட்டு வயதுப் பையனின் தாள் வந்தது. சிறுநீரில் நிறைய இரத்தம். உடற்பயிற்சி கூடாது, நீச்சல் கூடாது என்று முத்திரை குத்தி, பக்கத்தில் தன் பெயரை எழுதினார். அன்றைய மருத்துவம் அவ்வளவுதான். இரத்தம் தெரிந்தால் அசையாமல் உட்கார வை என்பார்கள்.

மற்றவர்கள் அட்டையை அனுப்பிவிட்டு மறந்துவிடுவார்கள். இவர் மறக்கவில்லை. பையனின் தாய்மாமனுக்கும் அதே நோய் என்று தாளின் ஓரத்தில் யாரோ பென்சிலால் குறித்திருந்தார்கள். டாக்டர் படகேறித் தீவுக்குப் போனார். அந்தத் தாய்மாமன் நகாஹாமா டோகுஜி, கணவாய் மீன் பிடிப்பவர். அப்போது அவருக்கு முப்பது வயது. இஞ்சின் சத்தம் அவருக்குக் கேட்கும், தொலைபேசி மணி கேட்காது. அவருடைய தாய்மாமன்கள் இருவர் நாற்பதுக்குள் செத்திருந்தார்கள், இருவருக்கும் காது மந்தம். சிறுநீரகமும் காதும் சேர்ந்தே கெடும் ஒரு பரம்பரை நோய் உண்டு. அதை டாக்டர் புத்தகத்தில் படித்திருந்தார். அன்று அதன் வீட்டில் உட்கார்ந்து தேநீர் குடித்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆகஸ்டிலும் ஐஸ்பெட்டியோடு அங்கே போனார். 1983இல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஆய்வகச் சுவரில் நகாஹாமா குடும்பப் படம் தொங்கியது. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். நோய் இருந்தால் கறுப்பு, இல்லாவிட்டால் வெள்ளை. டோகுஜி கறுப்புச் சதுரம். அவர் அக்காவும் கறுப்பு, அக்கா மகன் மசாட்டோவும் கறுப்பு. டோகுஜியின் ஒரே மகள் சனாயே மட்டும் வெள்ளை வட்டம்.

அந்த வெள்ளை வட்டத்தின் மேல்தான் டாக்டரின் ஆராய்ச்சி நின்றது. இது எக்ஸ் குரோமோசோமில் வரும் நோய் என்றுதான் உலகத்தில் பெரும்பாலோர் நினைத்தார்கள். அப்படியானால் நோயுள்ள தந்தைக்கு இருப்பது ஒரே எக்ஸ், அதை மகளுக்குக் கொடுக்காமல் இருக்க முடியாது. மகளின் சிறுநீரில் கண்ணுக்குத் தெரியாத அளவிலாவது இரத்தம் இருந்தே தீர வேண்டும். சனாயேயின் சிறுநீரிலோ ஒன்றும் இல்லை. ஒரு முறை அல்ல, முதல் வகுப்பிலிருந்து உயர்நிலைப் பள்ளி முடியும்வரை பன்னிரண்டு ஆண்டுகள், பன்னிரண்டு தாள்கள், எல்லாம் சுத்தம். ஆகவே இந்தத் தீவின் நோய் வேறு வகை, அதன் மரபணு வேறு எங்கோ இருக்கிறது. டாக்டர் இதை 1989இல் கட்டுரையாக எழுதினார். வெளிநாட்டிலிருந்தெல்லாம் கடிதம் வந்தது. பேராசிரியர் முதல் முறையாக அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அடுத்த ஆண்டு வெளிநாட்டுக் குழு ஒன்று எக்ஸில் அந்த மரபணுவைக் கண்டுபிடித்தபோதும் டாக்டர் கலங்கவில்லை. "அது அவங்க குடும்பங்களுக்கு. நம்ம குடும்பம் வேற," என்றார். மற்ற குரோமோசோம்களில் ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருந்தோம்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். ஆகஸ்டுப் பயணங்களில் எல்லோரிடமும் இரத்தமும் சிறுநீரும் வாங்குவோம். சனாயே இரத்தம் மட்டும் தருவாள். சிறுநீர் கேட்டால் அவள் அம்மா கினுயோ, "அவளுக்கு இப்ப மாதவிலக்கு, டாக்டர். அதான் ஸ்கூல்ல பாத்திருக்காங்களே," என்பார். இரண்டு முறை அப்படி ஆனது. சிறுமியாக இருந்தபோது பள்ளித் தாளே போதும் என்று கேட்டதே இல்லை, இந்த இரண்டு முறைக்குப் பின்னும் கேட்கவில்லை. டாக்டர் சரி என்றார். பள்ளித் தாளில் மருத்துவர் குழுவின் முத்திரை இருந்தது. அந்த முத்திரையை அவர் நம்பினார்.

டோகுஜிக்கு 1984இலேயே சிறுநீரகம் நின்றுவிட்டது. தீவில் டயாலிசிஸ் கிடையாது. அவர் படகை விற்றுவிட்டு, சகாய்மினாடோ துறைமுகத்தில் ஒரு வலைக்கடையின் மாடியில் அறை எடுத்து, வாரம் மூன்று நாள் எங்கள் மருத்துவமனைக்கு வந்தார். எட்டு ஆண்டுகளில் அவர் வீட்டில் தூங்கிய இரவுகள் சொற்பம். எப்போது பார்த்தாலும் ஒன்றுதான் கேட்பார்: "நான் எப்ப வீட்டுக்குப் போவேன்?" காது கேட்காததால் அவரே பதிலையும் சொல்லிக்கொள்வார்: "சரி, சரி."

1992 இலையுதிர்காலத்தில் சனாயே வந்தாள். இருபத்துமூன்று வயது. தன் மாமாவின் தங்கும்விடுதியில் வேலை செய்துகொண்டிருந்தாள், அங்கே யாரும் யாருக்கும் உடல் பரிசோதனை செய்வதில்லை. அப்பாவுக்குத் தன் சிறுநீரகத்தைக் கொடுத்து அவரை வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்றாள். இரத்தவகை பொருந்தியது. மற்ற எல்லாமும் பொருந்தியது. டாக்டரின் கட்டுரைப்படி அவளைவிட நல்ல கொடையாளி கிடையாது.

முதல் சிறுநீர்ச் சோதனையை நான்தான் செய்தேன். இரத்தம் இருந்தது. மாதவிலக்கு என்று எழுதி அனுப்பினார்கள். பதினாறு நாள் கழித்து மறுபடி. இந்த முறை டாக்டரே அவளைக் கழிப்பறை வாசல்வரை கூட்டிப்போய், கிண்ணத்தைக் கையில் வாங்கி வந்தார். நான் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு நகர்ந்தேன். அவர் குனிந்து பார்த்தார். நெளிந்து உருக்குலைந்த சிவப்பணுக்கள். மாதவிலக்கின் இரத்தம் அப்படி இருக்காது. சிறுநீரகத்தின் வடிகட்டியில் நசுங்கி வெளிவந்த இரத்தம்தான் அப்படி இருக்கும். அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு ஸ்லைடை எடுத்துத் துடைக்காமல் தட்டில் வைத்தார்.

கினுயோவைத் தீவிலிருந்து வரவழைத்தார். ஆலோசனை அறையில் டாக்டர், கினுயோ, சனாயே. தாள்களைக் கொண்டுபோன என்னையும் உட்காரச் சொன்னார்.

"மாதவிலக்கா இருக்கும், டாக்டர்," என்றார் கினுயோ.

"போன தடவையும் அதுதான்னு எழுதினாங்க. பதினாறு நாள்தான் ஆச்சு."

"பொண்ணுங்க உடம்பு. படகு அட்டவணையா, சொன்ன நாள்ல வர்றதுக்கு?"

"அம்மா, எனக்கு இப்ப அதெல்லாம் இல்ல," என்றாள் சனாயே. "நேத்து போன்லயே சொன்னேனே."

கினுயோ கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தார். "நீ போய் அப்பாவைப் பாரு. தனியா கிடக்கார்."

"நான் போகமாட்டேன்."

"போகமாட்டியா? அப்ப இங்கயே இருந்து கேட்டுக்க. அதெல்லாம் உன்னோடது இல்ல."

"எது?"

"ஸ்கூலுக்குக் கொண்டுபோனது. சீசாவைக் குளியலறை ஜன்னல்ல வெச்சுட்டுப் போய் முகம் கழுவுன்னு சொல்வேனே. நீ போனதும் கொட்டிட்டு என்னோடதை ஊத்தி வெச்சேன். பன்னெண்டு வருஷமும்."

சனாயே வாயைத் திறந்தபடி அம்மாவைப் பார்த்தாள். டாக்டர் ஒரே ஒரு சொல் கேட்டார். "ஏன்?"

"ஏனா? நீங்களா கேக்கறீங்க?" கினுயோவின் குரல் உயரவில்லை. "மசாட்டோவை எனக்குத் தெரியும். நாத்தனார் பிள்ளை, பக்கத்து வீடு. எட்டு கோடைக்கு அவன் நீச்சல் குளத்து ஓரமா துண்டைப் போத்திட்டு உக்காந்திருந்தான். பசங்க அவனுக்கு வாட்ச்மேன்னு பேர் வெச்சாங்க. விளையாட்டு நாள்ல எல்லாரும் ஓடினா இவன் கொடியைப் பிடிச்சிட்டு நிப்பான். ஊர்ல எந்த வீட்டுக்குப் போனாலும் 'ஐயோ பாவம், அந்த ரத்தக்காரப் பையன்'. முதல் கோடையைப் பாத்தப்பவே எனக்குப் போதும்னு ஆச்சு, அதுக்கு அடுத்த வருஷம் என் பொண்ணு ஸ்கூல்ல சேரணும். நான் என்ன பண்ணுவேன்?"

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே."

"அவன் அட்டையை நான் பாத்தேன், டாக்டர். முத்திரை பக்கத்துல யார் பேரு இருந்ததுன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

டாக்டர் மேஜையைப் பார்த்தார். "அன்னைக்கு எங்களுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

"எனக்கும் தெரிஞ்சது அவ்வளவுதான்."

சனாயே கேட்டாள், "அதெல்லாம் போகட்டும். நான் அப்பாவுக்குக் குடுக்கலாமா, கூடாதா?"

"கூடாது."

"எனக்கு ஒண்ணும் பண்ணலையே. நல்லாத்தானே இருக்கேன்."

"இப்ப நல்லா இருக்கு. அம்பது வயசுல எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. ரெண்டுல ஒண்ணை எடுத்துட்டா, அப்புறம் நீயும் அந்தப் படுக்கைக்கு வரலாம். நான் எடுக்க விடமாட்டேன்."

"அப்ப அப்பா?"

"என்னோடதை எடுத்துக்குங்க," என்றார் கினுயோ. "பன்னெண்டு வருஷமா சோதிச்சு நல்லாருக்குன்னு எழுதினதே நீங்கதானே."

சனாயேதான் சிரித்தாள். சிரிப்பு அடங்க நேரமானது. அதற்குள் முகத்தைக் கையால் மூடிக்கொண்டிருந்தாள்.

கணவன் மனைவி இரத்தவகை ஒன்றுதான். டோகுஜிக்கு விஷயத்தைச் சொல்ல டயாலிசிஸ் அறைக்குப் போனோம். கினுயோ காதருகே கத்தினார், அவருக்குப் புரியவில்லை. செய்தித்தாளின் ஓரத்தில் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினார்.

"உன்னோடதா?" என்று டோகுஜி சத்தமாகக் கேட்டார். அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "வெளிய நீ பேசறது போதாதா? இனிமே உள்ளயும் நீயா?"

"வாயை மூடிட்டு படுங்க," என்றார் கினுயோ.

அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். அதற்குள் டாக்டர் கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை எழுதினார். பேராசிரியர் அவரை அழைத்தார். கதவு திறந்திருந்தது, பேசியது எனக்குக் கேட்டது.

"எதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்? ஒரு ஆளோட சோதனை தப்புன்னு ரெண்டு வரி திருத்தம் போடுங்க. போதும்."

"அந்த ஒரு ஆள்தான் கட்டுரையே."

"அப்ப அந்த அம்மா ஏமாத்தினாங்கன்னு எழுதுங்க. பழி உங்க மேல வராது."

"மாதிரியை நான் நேர்ல வாங்கலைன்னுதான் எழுதியிருக்கேன்."

"இந்த வசந்தத்துல இணைப் பேராசிரியர் இடம் வருது. தெரியுமில்ல?"

"தெரியும்."

கடிதத்தை நான் தட்டச்சு செய்தேன். கினுயோவின் பெயரோ, குளியலறை ஜன்னலோ அதில் இல்லை. மாதிரி யாருடையது என்பதை ஆய்வாளர் உறுதி செய்யத் தவறினார் என்ற ஒரு வாக்கியம் இருந்தது. வசந்தத்தில் அந்த இடம் வேறொருவருக்குப் போனது. ஆய்வகத்தின் பாதியையும் அவருக்கே கொடுத்தார்கள். சுவரிலிருந்த படத்தை நான் கழற்றினேன். கழற்றுவதற்கு முன் டாக்டர் வந்து, சனாயேயின் வட்டத்தைப் பேனாவால் கறுப்பாக்கினார். கொஞ்சமும் வெளியே கசியாமல் நிதானமாக நிரப்பினார்.

சிறுநீரகத்தை 1993 பிப்ரவரியில் மாற்றினார்கள். முதல் நாள் நன்றாக வேலை செய்தது. சிறுநீர் சேரும் பை நிறைந்தது. சனாயே வராந்தாவில் எதிர்ப்பட்ட எல்லோரிடமும் எத்தனை மில்லி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் குறைந்தது. ஐந்தாம் நாள் நின்றது. மருந்துகள் எல்லாம் கொடுத்தார்கள். ஒன்பதாம் நாள் அதை வெளியே எடுத்துவிட்டார்கள்.

கினுயோ அப்போதும் வார்டில்தான் இருந்தார். விலாவில் நீளத் தையல். டாக்டர் போய்ச் சொன்னார்.

"என்னோடது கெட்டதா, டாக்டர்?"

"இல்ல. நல்லாத்தான் இருந்தது. அவர் உடம்பு ஏத்துக்கல."

கினுயோ போர்வையைத் தையலுக்கு மேல் இழுத்துவிட்டார். "இருபத்தஞ்சு வருஷம் என்னை ஏத்துக்கிட்டதே பெரிசு," என்றார். பிறகு, "இனி அவர் வீட்டுக்கு வர வழியே இல்லையா?"

டாக்டர் அன்று மாலை ஆய்வகத்துக்கு வந்து, ஒரு டயாலிசிஸ் இயந்திரத்துக்கு ஒரு நாளில் எவ்வளவு சுத்தத் தண்ணீர் வேண்டும் என்று என்னிடம் கேட்டார். கணக்குப் போட்டுச் சொன்னேன். அந்தக் காகிதத்தை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

பிறகு நான்கு ஆண்டுகள். டோகுஜி வலைக்கடை மாடிக்கே திரும்பினார். டாக்டர் தீவு நிர்வாகத்துக்கும் மருத்துவமனைக்கும் கல்வி வாரியத்துக்கும் மாறி மாறிக் கடிதம் எழுதினார். இரத்தம் மட்டும் தெரியும் பிள்ளைகளை நீந்த விடுங்கள் என்பது ஒரு கடிதம். தீவில் இரண்டு இயந்திரமாவது வையுங்கள் என்பது இன்னொன்று. பிள்ளைகளைத் தடுக்கும் முத்திரையை ஒரு சுற்றறிக்கையில் எடுத்துவிட்டார்கள். யார் கேட்டு எடுத்தார்கள் என்று அதில் இல்லை. தீவைப் பற்றிய பதில் எப்போதும் ஒன்றுதான்: அங்கே வந்து தங்க மருத்துவர் கிடையாது.

சனி ஞாயிறுகளில் நாங்கள் இருவரும் மிச்சமிருந்த ஆய்வக மூலையில் நகாஹாமா குடும்பத்தின் எக்ஸில் அந்த மரபணுவை எழுத்தெழுத்தாகப் படித்தோம். பழைய இரத்தமெல்லாம் உறைபெட்டியில் பத்திரமாக இருந்தது. 1996 மார்ச்சில் கிடைத்தது. ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. டோகுஜியிடம், மசாட்டோவிடம், சனாயேயிடம் அதே இடத்தில் அதே மாற்றம். அந்த எழுத்து வரிசை பதிந்த படச்சுருளை விளக்குப் பெட்டிமேல் வைத்துக் காட்டினேன்.

"எக்ஸ்தான்," என்றார்.

"ஆமாம், டாக்டர்."

"இன்னொரு தடவை ஓட்டிப் பாரு."

ஓட்டினேன். அதேதான். அரைப்பக்கக் குறிப்பாக எழுதி அனுப்பினார். அந்த வகை மாற்றங்கள் அதற்குள் உலகெங்கும் எத்தனையோ வெளிவந்துவிட்டன. யாரும் கடிதம் போடவில்லை. அவர் வெளியிட்ட கடைசி எழுத்து அது. வாழ்நாள் முழுக்கத் தேடியது அந்த ஓர் எழுத்து. கிடைத்த அன்று நாங்கள் இருவரும் மருத்துவமனை உணவகத்தில் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு அவரவர் வீட்டுக்குப் போனோம்.

மறு ஆண்டு பேராசிரியர், உங்களுக்கு ஆராய்ச்சி வேண்டுமா தீவு வேண்டுமா என்று கேட்டாராம். விளையாட்டாகத்தான் கேட்டிருப்பார். டாக்டர் ஏப்ரலில் வேலையை விட்டார். தங்குவதற்கு மருத்துவர் இருக்கிறார் என்றானதும் தீவு நிர்வாகத்தால் மறுக்க முடியவில்லை. மருத்துவமனையின் பின்கட்டில், பழைய எக்ஸ்ரே அறையில், இரண்டு இயந்திரங்கள் வந்தன. தண்ணீர்ச் சுத்திகரிப்பை இணைத்துச் சோதிக்க என்னையும் கூட்டிப்போனார்.

முதல் நாள் முதல் ஆள் டோகுஜி. ஐம்பத்திரண்டு வயதுக்கு மிகவும் மூப்பாகத் தெரிந்தார். டாக்டரே ஊசி போட்டார். நான் தண்ணீரின் அளவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கினுயோ வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று இரண்டு முறை கேட்டுவிட்டு உள்ளே வராமலே இருந்தார். நான்கு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. டோகுஜி கொஞ்சம் தூங்கினார்.

முடிந்ததும் ஊசி குத்திய இடத்தை அழுத்திப் பிடித்தபடி எழுந்து உட்கார்ந்தார். "அடுத்தது எப்ப?"

டாக்டர் மூன்று விரலைக் காட்டி, "மூணாம் நாள்!" என்று கத்தினார்.

"அதுவரைக்கும்?"

டாக்டர் கதவைக் கைகாட்டினார்.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். வீடு அங்கிருந்து எட்டு நிமிட நடை. மேட்டுப்பாதை. கினுயோ நாலடி பின்னால் போனார்.

"வழியில மயக்கம் வந்தா?" என்று கேட்டேன்.

"வந்தா உக்காருவார்," என்றார் டாக்டர்.

ஜன்னலருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். டோகுஜி ஒருமுறை நின்றார், மறுபடி நடந்தார். மேட்டின் மேலிருந்த வீட்டுக் கதவு திறந்தது, இருவரும் உள்ளே போனார்கள், கதவு மூடியது. டாக்டர் கையுறையை மாற்றிக்கொண்டு, அடுத்த ஆளுக்காக இயந்திரத்தைக் கழுவ ஆரம்பித்தார்.